சின்ன கிட்டங்கியை எப்படி அடுக்குவது? மூன்று மூட்டை பாசிப்பயறு வண்டு அடித்துப் போனது

ஜங்ஷன் மளிகை

அண்ணாச்சிமார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம். திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் சில்லறையும் சிறு மொத்தமுமாக மளிகைக் கடை வைத்திருக்கிறேன். கடைக்குப் பின்னால் முப்பதுக்குப் பதினெட்டு அடியில் சரக்கு வைக்கிற ஒரு கிட்டங்கி. ஒரே வாசல்தான்.

போன வாரம் வழக்கமாக வாங்குகிறவர் ஒரு மூட்டை பாசிப்பயறு கேட்டார். வாசல் பக்கம் இருந்தது தீர்ந்துபோயிருந்ததால் பின்சுவரை ஒட்டிக் கிடந்த மூன்று மூட்டைகளை இழுத்தோம். இழுக்கும்போதே தரையில் மாவு கொட்டியது. கட்டை அவிழ்த்துக் கையை உள்ளே விட்டால் கதகதவென்று சூடு. அள்ளிப் பார்த்தால் பயறு மேல் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி, பாதிப் பயறில் ஊசி குத்தியதுபோல் வட்ட ஓட்டை. மூன்றும் சித்திரையில் வாங்கியவை, இப்போது ஆவணி. அதற்குப் பிறகு நான்கு தடவை புதுப் பயறு வந்து, விற்றும் போய்விட்டது. லோடு வந்தால் வாசல் பக்கம் இறக்குகிறோம், விற்பதும் வாசல் பக்கத்திலிருந்தே. பழையது உள்ளே போய்க்கொண்டே இருந்திருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் கிட்டங்கிக்குள் மார்பளவு தண்ணீர். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்த அந்த இரண்டு நாளை இந்தப் பக்கம் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சர்க்கரை மூட்டை வெறும் சாக்காகக் கிடந்தது. அந்தப் பயத்தில் எல்லாவற்றையும் ஆள் உயரத்துக்கு மேல் பரண் கட்டி ஏற்றினேன். இப்போது எதையும் சட்டென்று எடுக்க முடியவில்லை, என்ன இருக்கிறது என்றும் தெரியவில்லை. இந்த இடத்தை எப்படி அடுக்கினால் சரியாக வரும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


வத்தல் கிட்டங்கி

தம்பி, நான் விருதுநகரில் வத்தல், மல்லி கிட்டங்கியில் பதினெட்டு வருஷம் நின்றவன். உங்களுக்கு வேண்டிய பதில் பழைய வீடுகளில் இருந்தது.

எங்கள் பாட்டி வீட்டில் குலுக்கை ஒன்று உண்டு. மண்ணால் செய்தது, என் தலைக்கு மேல் உயரம். ஏணி வைத்து ஏறி மேல் வாயில் தானியத்தைக் கொட்டுவார்கள். எடுப்பது மேலே இருந்து கிடையாது. அடியில் ஒரு சாண் உயரத்தில் ஓட்டை, அதைப் பழந்துணி சுருட்டி அடைத்திருப்பார்கள். துணியை உருவினால் தானியம் தானாகப் பெட்டியில் விழும். நேற்று கொட்டியது மேலே இருக்கும், போன வருஷத்துத் தானியம்தான் முதலில் கைக்கு வரும். பழையதை முதலில் எடு என்று பாட்டியிடம் யாரும் சொல்ல வேண்டியதில்லை. குலுக்கை அதற்கு வேறு வழியே விடாது.

உங்கள் கிட்டங்கியில் வாயும் அடியும் ஒன்றாக இருக்கிறது. இன்னொரு வாசல் உடைக்க முடிந்தால் உடையுங்கள். முடியாவிட்டால் இப்படிச் செய்யுங்கள். நடுவில் நாலு அடி நடை விடுங்கள். இரண்டு பக்கமும் ஏழேழு அடி வரும். சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி அடுக்குங்கள். சுவரோடு ஒட்டினால் மழைக்காலத்தில் சுவரின் ஈரம் சாக்கில் இறங்கும், அந்தச் சந்தில் எலி குடியேறினாலும் தெரியாது. ஒவ்வொரு சரக்குக்கும் நடையின் இடது பக்கம் ஓர் இடம், அதற்கு எதிரே வலது பக்கம் ஓர் இடம். வலது அடுக்கிலிருந்து விற்றுக்கொண்டிருக்கும்போது வருகிற லோடு எல்லாம் இடதில்தான் இறங்க வேண்டும். வலது சுத்தமாகக் காலியாகி, தரையைப் பெருக்கிய பிறகுதான் இடதைத் தொட வேண்டும். அப்போது புது லோடு வலது பக்கம் போகும்.

பெருக்குவதை விட்டுவிடாதீர்கள். கீழே சிந்திக் கிடக்கிற பழைய பயறிலிருந்துதான் புது மூட்டைக்கு வண்டு ஏறும்.


அம்பை டூ ஒரகடம்

ஊர் அம்பாசமுத்திரம், வேலை ஒரகடம் பக்கம் ஒரு பெரிய சரக்குக் கிடங்கில். அண்ணாச்சி சொன்ன இடது வலது முறையில் ஒரு சிக்கல் இருக்கிறது. எந்த நேரமும் பாதி இடம் காலியாகவே கிடக்கும். முப்பதுக்குப் பதினெட்டில் அது கட்டுப்படியாகாது.

ஆகவே எல்லாச் சரக்குக்கும் அதைச் செய்ய வேண்டாம். முதலில் பத்து நாள் ஒரு நோட்டில் எழுதுங்கள். கிட்டங்கியிலிருந்து கடைக்கு எது எத்தனை தடவை வந்தது என்று மட்டும். எத்தனை கிலோ, எவ்வளவு ரூபாய் என்பதெல்லாம் இதற்குத் தேவையில்லை, எத்தனை தடவை என்பதுதான் கணக்கு. நீங்கள் நடக்கிற நடையில் பெரும்பகுதி ஏழெட்டுச் சரக்குக்காகத்தான் இருக்கும். அந்த ஏழெட்டும் வாசலுக்குப் பக்கத்தில், முழங்காலுக்கு மேலே தோளுக்குக் கீழே இருக்க வேண்டும். குனியாமல், ஏணி போடாமல் எடுக்கிற உயரம் அதுதான். இரண்டு இடம் கொடுப்பதும் அவற்றுக்கும் வண்டு விழக்கூடிய பயறு வகைகளுக்கும் மட்டும் போதும். கடுகு, வெந்தயம், ஜவ்வரிசி மாதிரி மெதுவாகப் போகிறவை பின்னால் ஒரே இடத்தில் இருக்கட்டும்.

அப்புறம், ஒவ்வொரு இடத்துக்கும் விலாசம் கொடுங்கள். வாசலிலிருந்து இடது 1, இடது 2, வலது 1 என்று சுவரில் பெயிண்டால் எழுதிவிடுங்கள். கடைப் பையன் புதிதாக வந்தாலும் "பாசிப்பயறு இடது 3" என்றால் நேராகப் போவான். மூட்டை இறங்கும்போதே வந்த தேதியைச் சாக்கில் பெரிதாக எழுதுங்கள், நடையில் நின்றால் தெரிகிற பக்கம். எங்கள் கிடங்கில் கம்ப்யூட்டர் செய்வதும் இதைத்தான். உங்களுக்கு ஒரு சாக்பீஸ் போதும்.


சத்திரம் மார்க்கெட்

பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட்டிலிருந்து. எங்கள் சரக்கு வேறு, ஒரு நாள் தங்கினாலே நஷ்டம். ஆனால் ஒன்று எல்லாச் சரக்குக்கும் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

தரம் பிரிப்பது ஒரே ஒரு தடவை, அதுவும் வாசலில் நடக்க வேண்டும். செங்கோட்டை வழியாகக் கேரளா போகிற லோடு எங்களுக்கு நிறைய. விடியற்காலை விவசாயி கொண்டுவந்து கொட்டியதுமே பெரிது, நடுத்தரம், சொத்தை என்று பிரிந்துவிட வேண்டும். அப்படியே உள்ளே வாங்கி வைத்துவிட்டு அப்புறம் பிரிக்கலாம் என்று விட்டால் ஒரு அழுகல் தக்காளி பெட்டி முழுவதையும் நனைத்துவிடும். புளியங்குடி எலுமிச்சையிலும் அதே கதைதான். தோல் கீறின பழம் ஒன்று உள்ளே போய்விட்டால் மூன்றாம் நாள் பூஞ்சை பக்கத்துப் பழங்களுக்கும் தாவியிருக்கும்.

சரக்கை ஒவ்வொரு தடவை தொடும்போதும் கூலியும் சேதாரமும் ஏறுகிறது. லாரியிலிருந்து தரை, தரையிலிருந்து சுவரோரம், அங்கிருந்து பரண், பரணிலிருந்து கடை என்றால் நாலு தடவை தூக்கியாகிவிட்டது. லாரியிலிருந்து நேராக அதன் இடத்துக்குப் போகிற மாதிரி வையுங்கள். லோடு வருவதற்கு முன்பே இடம் காலியாக இருக்க வேண்டும்.


டவுன் ஸ்டோர்ஸ்

இவ்வளவு யோசிக்கவே வேண்டாம். வண்டு மாத்திரை கிடைக்கிறது. நாலு மாத்திரையைத் துணியில் கட்டிச் சாக்குக்குள் போட்டுக் கதவைச் சாத்துங்கள், ஒரு வாரத்தில் ஒரு பூச்சி இருக்காது. நான் அப்படித்தான் செய்கிறேன்.


கிள்ளிகுளம் மாணவி

நான் கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரியில் படிக்கிறேன். டவுன் ஸ்டோர்ஸ் சார், தயவுசெய்து அதை நிறுத்துங்கள். இதைப் படிக்கிற வேறு யாரும் செய்யாதீர்கள்.

அது அலுமினியம் பாஸ்பைடு. காற்றின் ஈரம் பட்டதும் பாஸ்பீன் வாயு வரும். 3 கிராம் மாத்திரை ஒன்றிலிருந்து 1 கிராம் வாயு. அந்த வாயு கதவிடுக்கு, ஓட்டுச் சந்து, பக்கத்துச் சுவரின் விரிசல் எல்லாவற்றிலும் போகும். மனிதன் மூச்சில் போனால் காப்பாற்ற மாற்று மருந்து கிடையாது. வாடை வரவில்லையே, ஆபத்து இல்லை என்று நினைக்கவும் முடியாது. நம் நாட்டில் அதைக் கடைக்காரர்களுக்கு விற்கவே அனுமதி இல்லை. பயிற்சி பெற்றவர்கள், தனியாக இருக்கிற கிடங்கில், காற்றுப் புகாத உறை போட்டு மூடிச் செய்கிற வேலை அது. மேல் மாடியில் குடியிருப்பும் பக்கத்தில் கடைகளும் இருக்கிற இடத்தில் செய்வது உயிரோடு விளையாடுவது. உங்கள் கடையில் மிச்சம் இருந்தால் தண்ணீர் படாமல், பிள்ளைகள் கை படாமல் வைத்து, இன்றே வேளாண்மை அலுவலகத்தில் கேட்டு ஒப்படைத்துவிடுங்கள்.

ஜங்ஷன் அண்ணனுக்கு: நீங்கள் பார்த்த வெள்ளைப் புள்ளிகள் பயறு வண்டின் முட்டைகள். வண்டு பெரும்பாலும் கிட்டங்கியில் பிறப்பதில்லை, வயலில் முற்றின நெற்றின் மேலேயே முட்டை போட்டுவிடும். அது மூட்டையோடு உங்கள் வீட்டுக்கு வருகிறது. புழு பயறுக்குள் இருந்து தின்று, வண்டாகி, வட்ட ஓட்டை போட்டு வெளியே வரும். நம் ஊர் வெப்பத்துக்கு ஒரு மாதத்தில் ஒரு தலைமுறை முடிந்துவிடும். சித்திரையிலிருந்து ஆவணிக்குள் எத்தனை தலைமுறை என்று பாருங்கள். உடைத்த பருப்பில் அது அவ்வளவாகப் பெருகாது. அதனால் முழுப் பயறைக் குறைவாக வாங்கி, உடைத்ததைக் கொஞ்சம் கூடுதலாக வைக்கலாம்.

வரும்போதே ஈரம் பாருங்கள். மீட்டர் இல்லாவிட்டால் உலர்ந்த கண்ணாடிப் பாட்டிலில் ஒரு பிடி பயறும் காய்ந்த தூள் உப்பும் போட்டு மூடி நன்றாகக் குலுக்குங்கள். உப்பு பாட்டில் சுவரில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். அந்த மூட்டை உள்ளே போகக் கூடாது. ஒட்டாவிட்டாலும் மாடியில் தார்ப்பாய் விரித்து ஒரு நாள் நல்ல வெயில் காட்டுங்கள். ஆனால் சூட்டோடு கட்டிவிடாதீர்கள். ராத்திரி குளிர்ந்ததும் சாக்குக்குள் வியர்த்து, காயப்போட்ட பலனே போய்விடும். சாயங்காலம் நிழலில் ஆறவிட்டுக் கட்டுங்கள்.

நெடுநாள் வைக்க வேண்டிய பயறுக்கு மூன்றடுக்குப் பை இருக்கிறது, பிக்ஸ் பை என்பார்கள். உள்ளே இரண்டு கெட்டி பாலித்தீன், வெளியே சாக்கு. ஆப்பிரிக்காவில் தட்டைப்பயறுக்காக உருவாக்கியது. ஒவ்வொரு உறையையும் தனித்தனியாக முறுக்கிக் கட்டினால் உள்ளே இருக்கிற பிராணவாயுவைப் பூச்சியே தீர்த்துவிட்டு அதுவும் செத்துப்போகும். மருந்தே வேண்டாம். எலி கடித்து ஓட்டை விழாமல் பார்த்துக்கொண்டால் போதும்.


வத்தல் கிட்டங்கி

அந்தப் பிள்ளை சொன்னதைக் கேளுங்கள் டவுன் ஸ்டோர்ஸ். எங்கள் காலத்தில் விதைத் துவரைக்குச் செம்மண் கட்டி வைப்பார்கள். செம்மண்ணைக் கரைத்து, பயறில் புரட்டி, காயவைப்பது. வண்டுக்கு முட்டை ஒட்ட இடம் கிடைக்காது. வசம்பு, வேப்பிலை, நொச்சி இலையும் போடுவோம். விற்கிற சரக்குக்கு மண் கட்ட முடியாதுதான், வீட்டுக்கு வைக்கிறதுக்குச் செய்யலாம்.


லோடுமேன் மகன்

என் அப்பா முப்பது வருஷம் மூட்டை தூக்கினார். நான் கணக்கு எழுதுகிற வேலைக்குப் போனதே அவர் முதுகைப் பார்த்துத்தான். ஆகவே ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும்.

எல்லாவற்றையும் ஆள் உயரத்துக்கு மேல் ஏற்றினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஏற்றியது யார்? அப்பா காலத்தில் நூறு கிலோ மூட்டை. சும்மாட்டைச் சுருட்டிக் கழுத்தில் வைத்து, பலகை மேல் ஏறும்போது பலகை வளையும். வளைந்து நிமிர்கிற நேரம் பார்த்துத்தான் அடுத்த அடி வைக்க வேண்டும், முந்தினாலும் பிந்தினாலும் விழ வேண்டியதுதான். அதைச் சின்ன வயசில் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். இன்று ஐம்பது கிலோ என்றாலும் தலைக்கு மேல் தூக்கி அடுக்குவதில் பாதி பலம் தூக்குகிறவன் இடுப்பிலிருந்து போகிறது.

கனமானது இடுப்பு உயரத்தைத் தாண்டக் கூடாது. மேலே போக வேண்டியது கனம் குறைந்ததாக இருக்கட்டும், அப்பளம், சேமியா, ஊதுவத்தி மாதிரி. ஊதுவத்தி, சோப்பு, சூடம் எல்லாம் அரிசிக்கும் டீத்தூளுக்கும் தூரத்தில் வையுங்கள், வாடையை இழுத்துக்கொள்ளும். மூட்டை அடுக்கும்போது ஒரு வரிசை நெடுக்கே, அடுத்த வரிசை குறுக்கே. தைத்த வாய் உள்பக்கம் பார்த்து இருக்க வேண்டும், பிரிந்தாலும் நடையில் சிந்தாது. பிளாஸ்டிக் சாக்கில் கொக்கி போட விடாதீர்கள். கொக்கி போட்ட இடத்தில்தான் சிந்தத் தொடங்கும்.

எங்கே எதை வைப்பது என்று முடிவு பண்ணும்போது மூட்டை தூக்குகிற ஆளையும் கூப்பிட்டுக் கேளுங்கள். எந்த மூலையில் திரும்ப முடியாது, எந்தப் படி வழுக்கும் என்று அவருக்குத்தான் தெரியும். அப்பாவிடம் ஒரு முதலாளிகூடக் கேட்டதில்லை.


கருப்பட்டி வீடு

உடன்குடி பக்கம். எங்கள் ஊர்க் கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு இருந்தாலும் ஐப்பசி மழை வந்தால் அது கசியத்தான் செய்யும்.

கருப்பட்டிக்கு எதிரி ஈரக்காற்று. பதநீர்க் காலம் முடிந்து ஆடியில் வாங்கி வைத்தால் கார்த்திகை வரை கெடாமல் காப்பதுதான் வேலை. தயவுசெய்து உப்பு மூட்டைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். உப்பு ஈரத்தை இழுத்து அந்த இடத்தையே நனைத்துவிடும். பழைய வீடுகளில் ஓலைப்பெட்டியில் போட்டு அடுப்புக்கு மேல் பரணில் வைப்பார்கள், புகையும் சூடும் காத்துக்கொள்ளும். கடையில் அடுப்பு கிடையாது. அதனால் மண்பானையில் காய்ந்த ஓலை விரித்து, கருப்பட்டியை அடுக்கி, மேலே ஓலை போட்டு, வாயைத் துணியால் வேடு கட்டி, அதன் மேல் தட்டு வையுங்கள். மழை நாளில் பானையைத் திறக்கவே வேண்டாம். சில்லறைக்கு வேண்டியதை முதல் நாளே வெளியே எடுத்துவிடுங்கள்.


ஜங்ஷன் மளிகை

பதினான்கு நாளாக எழுதவில்லை, வேலை நடந்துகொண்டிருந்தது.

அந்த மூன்று மூட்டையை அம்மா சல்லடையில் சலித்து, சுளகில் புடைத்துப் பார்த்தார்கள். ஓட்டை விழுந்தது எல்லாம் நுனிக்கு வந்து பறந்தது. நின்றதிலும் வெள்ளைப் புள்ளி இருந்தது. விற்கவில்லை. மாடு வைத்திருக்கிற ஒருவர் தீவனத்துக்கு எடுத்துக்கொண்டார்.

ஒரகடம் அண்ணன் சொன்னபடி பத்து நாள் எழுதினேன். துவரம்பருப்பு, உளுந்து, சர்க்கரை, அரிசி, எண்ணெய், மைதா, ரவை, தோலோடு உடைத்த தொலி உளுந்து. நடந்ததில் முக்கால்வாசி இந்த எட்டுக்காகத்தான். தொலி உளுந்து இத்தனை தடவை வரும் என்று நான் நினைக்கவே இல்லை, நம் ஊர் உளுந்தஞ்சோறு சும்மாவா. அது இதுவரை கடைசி மூலையில் இருந்தது. இப்போது வலது 1.

அரிசியில்தான் தகராறு. 2022 ஜூலையில் 25 கிலோ வரையுள்ள பைக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்த பிறகு மில்காரர்கள் 26 கிலோ பை போடுகிறார்கள். ஒவ்வொரு மில்லின் பையும் ஒவ்வோர் அளவு, கலந்து அடுக்கினால் எட்டாவது வரிசையில் சாய்கிறது. ஒரு மில்லுக்கு ஓர் அடுக்கு என்று பிரித்ததும் நின்றது.

வெள்ளப் பயத்துக்கு என்ன செய்வது என்று லோடுமேன் அண்ணாச்சி ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். கிட்டங்கியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு அவர் சொன்னது: "தண்ணி பட்டா கரையுறதை மட்டும் உயர்த்து. எண்ணெய் டின்னு நனைஞ்சா தொடைச்சு எடுத்துக்கலாம்லா." அவ்வளவுதான். நான் இரண்டு வருஷமாக எண்ணெய் டின்னைப் பரண் மேல் வைத்துக்கொண்டிருந்தேன். இப்போது டின்கள் எல்லாம் கீழே. சர்க்கரை, உப்பு, மாவு வகைகளுக்கு மட்டும் இடுப்பளவு உயரத்தில் ஒரு மேடை கட்டியிருக்கிறோம், ஏறப் படி வைத்து. ஐப்பசியிலிருந்து மார்கழி வரை அந்தச் சரக்கைப் பாதிதான் வாங்குவது என்றும் முடிவு. பெருமழை எச்சரிக்கை வந்தால் மேடையில் இருப்பதை மாடிக்குக் கொண்டுபோகிற அளவுக்குத்தான் சரக்கு இருக்கும்.


லோடுமேன் மகன்

மேடைக்குப் படி வைத்தது சந்தோஷம். படியின் அகலம் ஒரு முழு அடி இருக்கட்டும், பாதம் முழுதாக ஊன்ற வேண்டும்.


டவுன் ஸ்டோர்ஸ்

மாத்திரை டப்பாவை நேற்று கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். எங்கள் கடைக்கு மேலேதான் என் மகள் பிள்ளைகளோடு இருக்கிறாள். சொன்னதற்கு நன்றி அம்மா.


கிள்ளிகுளம் மாணவி

நீங்கள் செய்ததுதான் பெரிது சார். கையில் பட்டிருந்தால் நன்றாகச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்ளுங்கள். அது இருந்த அலமாரியைத் திறந்து போட்டுக் காற்றாட விடுங்கள்.


ஜங்ஷன் மளிகை

படியை நாளைக்கே அளந்துவிடுகிறேன். கருப்பட்டி அக்காவிடம் ஒரு கேள்வி மிச்சம். பானை புதிதாக வாங்கட்டுமா, வீட்டில் இருக்கிற பழைய பானை ஆகுமா?


கருப்பட்டி வீடு

பழசே நல்லது, புளிப் பானையாக மட்டும் இருக்கக் கூடாது. புதுசு என்றால் கழுவி மூன்று நாள் வெயிலில் கவிழ்த்து வையுங்கள். காயாத பானையில் அடுக்கினால் அடிக் கருப்பட்டி ஒட்டிக்கொள்ளும்.